ராஜ்தூத் 350: ஒரு சிலிண்டர் மட்டும் அடிக்கவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யமஹா ஆர்.டி.350 மோட்டார்சைக்கிளை எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983-ல் ராஜ்தூத் 350 என்ற பெயரில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. 347 சி.சி., இரட்டை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். முதலில் வந்தது 30.5 குதிரைத்திறன், பிறகு வந்தது 27. உற்பத்தி நின்று முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும் இந்த வண்டியை விடாமல் வைத்திருப்பவர்கள் நிறைய. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற புகார் ஒன்று உண்டு: "வண்டி ஸ்டார்ட் ஆகுது, ஆனா ஒரு பக்கம்தான் ஓடுது." அதைப் பற்றிய கேள்விகளும் பதில்களும் இங்கே. வண்டியில் கம்பெனி கொடுத்த பாயின்ட் (கரன்ட்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச்), காயில் (பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தருவது) அமைப்பு அப்படியே இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன். சி.டி.ஐ. (பாயின்ட் இல்லாத எலக்ட்ரானிக் இக்னிஷன்) போட்டவர்களுக்குக் கடைசிப் பகுதியில் தனியாக ஒரு பதில் இருக்கிறது.

ஒரு சிலிண்டர்தான் ஓடுகிறது என்பதை எப்படி உறுதி செய்வது? வெறும் மிஸ்ஸிங்காகவும் இருக்கலாமே?

சத்தத்திலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். இந்த எஞ்சினில் கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றும் தண்டு) அரைச்சுற்று சுற்றும்போதெல்லாம் ஏதாவது ஒரு சிலிண்டர் அடிக்கும். அதனால் ஐடிலிங்கில் சத்தம் சீராக, நெருக்கமாக இருக்கும். ஒன்று செத்தால் இடைவெளி இரட்டிப்பாகிவிடும். ஒற்றை சிலிண்டர் வண்டி மாதிரி விட்டுவிட்டுக் கேட்கும். கிளட்சை விட்டால் வண்டி நகரத் திணறும். ஆக்ஸிலேட்டரை எவ்வளவு முறுக்கினாலும் அந்த வழக்கமான இழுவை வராது.

மிஸ்ஸிங் என்பது வேறு. ஒரு சிலிண்டர் சில சமயம் அடித்து, சில சமயம் விட்டுவிடுவது. அதற்கும் கீழே சொல்லும் வழிகள் பொருந்தும், ஆனால் பொறுமை கூடுதலாக வேண்டும். முழுக்கச் செத்த சிலிண்டரைக் கண்டுபிடிப்பதுதான் சுலபம்.

எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும்?

எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் ஓட விடுங்கள். அப்புறம் இரண்டு சைலன்சர் பைப்பிலும், சிலிண்டரை ஒட்டிய இடத்தில், சில சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். ஓடுகிற பக்கத்தில் "சுர்"ரென்று ஆவியாகிவிடும். ஓடாத பக்கத்தில் சொட்டு அப்படியே வழியும். வேறு எந்தக் கருவியும் வேண்டாம். கையை வைத்து மட்டும் பார்க்காதீர்கள்.

ஓடும் வண்டியில் ஒவ்வொரு பிளக் கேப்பாகப் பிடுங்கிப் பார்ப்பது பல கடைகளில் நடக்கிறது. நான் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன். ஷாக் அடிப்பது ஒரு பக்கம். போக வழியில்லாத கரன்ட் காயிலுக்குள்ளேயே பாதை தேடினால் பழைய காயிலின் இன்சுலேஷன் உடைந்துபோகும். நாற்பது வயதான காயிலை அப்படிச் சோதிக்கக் கூடாது.

பேட்டரி ஒன்று, சாவி ஒன்று. அப்புறம் எப்படி ஒரு பக்கம் மட்டும் கரன்ட் போகும்?

இந்தக் கேள்விக்கான பதில் புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஃபியூஸ், சாவி வழியாக ஒரு வயர் பெட்ரோல் டேங்குக்கு அடியில் இருக்கும் இரண்டு காயிலுக்கும் பொதுவாக வருகிறது. அதுவரைதான் பொது. அதற்கு மேல் எல்லாமே இரண்டிரண்டு: இடது சிலிண்டருக்கு ஒரு காயில், ஒரு பாயின்ட், ஒரு கண்டென்சர் (பாயின்ட் திறக்கும்போது அங்கே பெரிதாகப் பொறி வராமல் தடுப்பது), ஒரு பிளக் வயர், ஒரு கேப், ஒரு பிளக். வலதுக்கும் அதே மாதிரி தனித் தொகுப்பு. பாயின்ட் இரண்டும் எஞ்சினின் இடது பக்க மூடிக்குள், கிராங்க் முனையில் இருக்கும் ஒரே கேமைச் சுற்றி எதிரெதிராக உட்கார்ந்திருக்கும்.

பாயின்ட் மூடியிருக்கும்போது காயிலின் முதல் சுற்றில் கரன்ட் ஓடி எர்த்துக்குப் போகும். கேம் பாயின்ட்டைத் திறந்ததும் அந்த ஓட்டம் சட்டென்று அறுபடும். அந்த நொடியில் இரண்டாவது சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பி பிளக்கில் பொறியாகத் தாவும்.

ஆக, இரண்டு பக்கமும் செத்தால் பேட்டரி, ஃபியூஸ், சாவி, பொது வயர் என்று தேட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் செத்தால் அந்தப் பக்கத்தின் சொந்தப் பொருள்களில்தான் தேட வேண்டும். இதைவிடப் பெரிய வசதி ஒன்று இருக்கிறது: நன்றாக ஓடுகிற சிலிண்டரின் உதிரி ஒவ்வொன்றும் சோதித்து முடித்த நல்ல பொருள். அதை இந்தப் பக்கம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் மாற்றிய பொருள்தான் குற்றவாளி. மாறாவிட்டால் அது நிரபராதி. ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இப்படிப் பார்க்காமல் ஒரு ரூபாய்க்குக்கூட ஸ்பேர் வாங்காதீர்கள்.

சரி, எதிலிருந்து ஆரம்பிப்பது?

பிளக். இடது பிளக்கை வலதிலும், வலதை இடதிலும் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். செத்த பக்கம் மாறிவிட்டால் பிளக்தான் போயிருக்கிறது. டூ ஸ்ட்ரோக்கில் இது ரொம்ப சகஜம். சில சமயம் பிளக்கின் இரண்டு முனைக்கும் நடுவில் தலைமுடி மொத்தத்தில் கரித்துகள் ஒன்று பாலம் போட்டிருக்கும். வெயிலில் பிடித்துப் பார்த்தால்தான் கண்ணுக்குத் தெரியும். அதைத் தட்டிவிட்டால் போதும், வண்டி ஓடும்.

பிளக் வகை என்.ஜி.கே. பி8ஹெச்எஸ். முனை இடைவெளி 0.5 முதல் 0.6 மி.மீ. பாக்கெட்டிலிருந்து எடுத்த புதுப் பிளக்கையும் ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்துவிட்டே மாட்டுங்கள்.

பிளக் மாறியும் கோளாறு மாறவில்லை என்றால் அடுத்து கேப். அதையும் கழற்றி மாற்றிப் போடலாம். கேப்பைத் திருகி எடுத்ததும் வயரின் நுனியைப் பாருங்கள். செம்புக் கம்பி பச்சைப் பூத்திருந்தால் கால் அங்குலம் வெட்டிவிட்டு மறுபடி திருகுங்கள். மல்டிமீட்டர் இருந்தால் கேப்பின் இரு முனையையும் அளக்கலாம். ரெசிஸ்டர் வகைக் கேப் பெரும்பாலும் 5 ஆயிரம் ஓம் பக்கம் காட்டும். எல்லையே இல்லாமல் காட்டினால் உள்ளே அறுந்திருக்கிறது.

பிளக்கைக் கழற்றினேன், ஈரமாகக் கறுப்பாக இருக்கிறது. அப்படியென்றால் இக்னிஷன்தானே?

அந்த ஒரு அடையாளத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. முகர்ந்து பாருங்கள், விரலில் தேய்த்துப் பாருங்கள். பெட்ரோல் வாசனையோடு ஈரமாக இருந்தால் பெட்ரோல் வருகிறது, எரியவில்லை என்று அர்த்தம். ஸ்பார்க் இல்லாமல் இருக்கலாம், கார்புரேட்டர் வழிந்து மூழ்கடித்தும் இருக்கலாம். பிசுபிசுவென்று ஆயிலாக இருந்தால் ஆயில் பம்ப் அல்லது கிராங்க் சீல் பக்கம் யோசிக்க வேண்டும். உலர்ந்த கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம், இல்லாவிட்டால் சோக் முழுதாக ஆஃப் ஆகவில்லை.

ஈரமே இல்லாமல் உலர்ந்து, சுத்தமாக இருந்தால் அந்தப் பக்கம் பெட்ரோலே வரவில்லை. இக்னிஷனை விட்டுவிட்டு பெட்ரோல் டேப்பையும் கார்புரேட்டரையும் பாருங்கள்.

பீங்கான் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, சின்னச்சின்னக் கொப்புளத்தோடு இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஏர் லீக்கோ, டைமிங் (ஸ்பார்க் வரும் நேரம்) முன்னால் போனதோ தெரியாமல் அப்படியே ஓட்டினால் பிஸ்டனில் ஓட்டை விழும். சரியாக ஓடும் பிளக் இளம் பழுப்பில் இருக்கும்.

ஸ்பார்க் டெஸ்ட்டைச் சரியாகச் செய்வது எப்படி?

பிளக்கைக் கழற்றிக் கேப்பில் செருகி, அதன் இரும்பு உடம்பு ஹெட்டில் அழுத்தமாகத் தொடும்படி வையுங்கள். பெயின்ட் அடித்த இடமாக இருந்தால் எர்த் கிடைக்காது, "கரன்ட் இல்லை" என்று தவறாக நினைத்துவிடுவீர்கள். நிழலில் நின்று கிக்கரை மிதியுங்கள். நீலம் கலந்த வெள்ளையில், "டிக்" என்ற சத்தத்தோடு தடித்து வந்தால் நல்ல ஸ்பார்க். மஞ்சளாக, மெலிந்து, அங்கங்கே தாவினால் பலவீனம்.

முக்கியமான விஷயம்: பிளக் கழற்றிய துளை வழியாகப் பெட்ரோல் புகை பீய்ச்சி அடிக்கும். பக்கத்திலேயே ஸ்பார்க். ஒரு நொடியில் தீப்பிடிக்கும். துளையில் பழைய பிளக் ஒன்றைத் திருகி மூடிவிட்டு, கையில் இருக்கும் வேறு பிளக்கை வைத்துச் சோதியுங்கள்.

வெளியில் ஸ்பார்க் வந்தால் உள்ளேயும் வரும் என்று உறுதியில்லை. கம்ப்ரஷனில் அழுத்தப்பட்ட கலவையின் குறுக்கே தாவுவதற்கு வோல்டேஜ் அதிகம் வேண்டும். அதனால் பழைய பிளக் ஒன்றின் ஓரமுனையை நன்றாக விரித்து, 6 மி.மீ. இடைவெளி விட்டுச் சோதித்துப் பாருங்கள். அதையும் தாண்டினால் காயில் பலமாக இருக்கிறது. இரண்டு பக்கத்தையும் ஒரே பிளக்கில் சோதித்து ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

காயிலை மாற்றிப் பார்ப்பது எப்படி? கழற்ற வேண்டுமா?

கழற்றவே வேண்டாம். டேங்கை மட்டும் எடுங்கள். பெட்ரோல் டேப்பை மூடி, ட்யூபைப் பிடுங்கி, வழியும் பெட்ரோலைத் துடைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

ஒவ்வொரு காயிலுக்கும் இரண்டு சின்ன வயர். ஒன்று சாவியிலிருந்து வரும் பொது வயர், இன்னொன்று அதனதன் பாயின்ட்டுக்குப் போவது. அந்தப் பாயின்ட் வயர் இரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றிச் செருகுங்கள். இப்போது இடது பாயின்ட் வலது காயிலை அடிக்கும். அதனால் பிளக் வயரையும் மாற்ற வேண்டும்: வலது காயிலின் வயர் இடது பிளக்குக்கு, இடது காயிலின் வயர் வலது பிளக்குக்கு. இந்த இரண்டாவது மாற்றத்தை மறந்தால் பிஸ்டன் கீழே இருக்கும்போது ஸ்பார்க் வரும். வண்டி ஓடாது, சைலன்சரில் வெடிக்கும்.

இப்போது ஸ்டார்ட் செய்யுங்கள். முதலில் இடது செத்திருந்தது, இப்போது வலது செத்திருக்கிறது என்றால் கோளாறு காயிலில், அல்லது அதோடு சேர்ந்த பிளக் வயரில். இடதே இன்னும் செத்திருந்தால் காயில் நல்லது. நேரே இடது பாயின்ட்டுக்கும் கண்டென்சருக்கும் போங்கள்.

வயரின் நிறத்தை நம்பாதீர்கள். இந்த வயதில் ஒயரிங் ஒருமுறையாவது மாறாத வண்டி அபூர்வம். எது எந்தப் பாயின்ட்டுக்குப் போகிறது என்று கையால் தடவிப் பார்த்து, ஒரு துண்டு டேப்பில் எழுதி ஒட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

மீட்டர் வைத்திருப்பவர்கள் காயிலின் இரண்டு சின்ன முனைக்கும் நடுவே அளக்கலாம். பாயின்ட் வகைக் காயிலில் 3 முதல் 5 ஓம் வரை காட்டும். எண்ணைவிட, இரண்டு காயிலும் ஏறத்தாழ ஒரே அளவு காட்டுகிறதா என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஆனால் மீட்டரில் சரியாகக் காட்டும் காயில்கூட வேலையில் தோற்கலாம். மாற்றிப் பார்ப்பதுதான் கடைசித் தீர்ப்பு.

பாயின்ட்டை மீட்டர் இல்லாமல் சோதிக்க முடியுமா?

ஒரு இண்டிகேட்டர் பல்பு போதும். இரண்டு வயர் பற்றவைத்து, ஒரு முனையைப் பாயின்ட்டின் வயர் மாட்டும் திருகிலும், மறுமுனையை எஞ்சின் உடம்பிலும் பிடியுங்கள். பிளக் இரண்டையும் கழற்றிவிட்டால் எஞ்சினைச் சுற்றுவது லேசாக இருக்கும். சாவியை ஆன் செய்து, கிராங்கை மெல்லச் சுற்றுங்கள்.

பாயின்ட் மூடும்போது பல்பு அணைய வேண்டும், திறக்கும்போது எரிய வேண்டும். இரண்டு பக்கமும் அப்படித்தான்.

எப்போதும் எரிந்துகொண்டே இருந்தால் பாயின்ட் மூடவில்லை, அல்லது மூடியும் தொடர்பு கிடைக்கவில்லை. முகத்தில் எண்ணெயோ கரியோ படிந்திருக்கும், இல்லாவிட்டால் எர்த் திருகு லூசாகியிருக்கும்.

எப்போதும் எரியாமலே இருந்தால் இரண்டு காரணம் இருக்கலாம்: காயில் வழியாகக் கரன்ட்டே வரவில்லை, அல்லது வந்த கரன்ட் எங்கோ நேரடியாக எர்த்துக்குப் போகிறது. காயிலிலிருந்து பாயின்ட்டுக்கு வரும் வயரை மட்டும் பிரித்து, அதன் நுனிக்கும் எஞ்சின் உடம்புக்கும் நடுவில் பல்பைப் பிடியுங்கள். எரிந்தால் காயில் வரை நல்லது. பாயின்ட் அல்லது கண்டென்சர் பக்கம் ஷார்ட். அப்போதும் எரியவில்லை என்றால் காயிலின் உள்சுற்றோ, பொது வயரின் கிளையோ அறுந்திருக்கிறது.

சோதனை முடிந்ததும் சாவியை அணைத்துவிடுங்கள். பாயின்ட் மூடிய நிலையில் எஞ்சின் நின்றிருந்தால் காயில் வழியே தொடர்ந்து கரன்ட் ஓடி, காயில் சூடேறும், பேட்டரியும் இறங்கும்.

புதுப் பாயின்ட் போட்ட பிறகுதான் அந்தப் பக்கம் செத்தது. பாயின்ட் டூப்ளிகேட்டா?

முதலில் வாஷரைப் பாருங்கள். வயரும் ஸ்பிரிங்கும் சேரும் இடத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கும். அந்தத் திருகு பாயின்ட்டின் இரும்பு அடித்தட்டைத் தொடக் கூடாது என்பதற்காகப் பழுப்பு நிறத்தில் ஒரு ஃபைபர் வாஷர் உள்ளே, இன்னொன்று வெளியே, நடுவில் துளைக்குள் ஒரு சின்னக் குழாய் என்று அடுக்கி வைத்திருப்பார்கள். கழற்றும்போது இவை கையில் கொட்டிவிடும். வரிசை மாறி மாட்டினால் திருகு அடித்தட்டைத் தொட்டுவிடும். அதற்குப் பிறகு பாயின்ட் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான், கரன்ட் எப்போதும் எர்த்தில். ஸ்பார்க் வரவே வராது. கண்ணால் பார்த்தால் எல்லாம் பளபளவென்று சரியாக இருக்கிற மாதிரியே தோன்றும்.

பாயின்ட் மாட்டிய பிறகு, வண்டியை மூடுவதற்கு முன் பல்பு சோதனையைச் செய்தால் இது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். மெக்கானிக்கிடம் விட்டாலும் கூடவே நின்று செய்யச் சொல்லுங்கள். இந்த ஒரு வாஷருக்காகப் புதுக் காயில் வாங்கப்பட்ட வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

அதே மாதிரி, புதுப் பாயின்ட்டின் முகத்தில் துரு பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவி வரும். பெட்ரோலில் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்துவிட்டு மாட்டுங்கள்.

கண்டென்சர் போய்விட்டது என்று எப்படித் தெரியும்?

மூடியைத் திறந்து, இருட்டில், எஞ்சின் ஓடும்போது பாயின்ட்டைப் பாருங்கள். சின்னதாகப் பொறி மின்னுவது இயல்பு. ஒரு பக்கத்தில் மட்டும் நீலமாகப் பெரிதாக வெடித்தால் அந்தப் பக்கக் கண்டென்சர் வேலை செய்யவில்லை. முகங்கள் கருகி, ஒன்றில் குழி, மற்றதில் மேடு என்று வளர்ந்திருப்பதும் கண்டென்சரின் அடையாளம்தான். இதன் அளவு 0.2 மைக்ரோஃபாரட் சுமார். இதையும் இடம் மாற்றிப் பார்க்கலாம். பாயின்ட் மாற்றும்போது கண்டென்சரையும் சேர்த்து மாற்றுவது நல்ல பழக்கம், ஆனால் பழையதைத் தூக்கி எறியாதீர்கள். இப்போது கிடைக்கும் புதுசு சில, பழசைவிடச் சீக்கிரம் போகிறது.

பாயின்ட்டை உப்புத்தாளில் தேய்க்கலாமா?

வேண்டாம். மணல் துகள் முகத்தில் பதிந்து, தொடர்பைக் கெடுக்கும். மெல்லிய பாயின்ட் அரம் அல்லது எண்ணெய்க்கல்லால் இரண்டு இழுப்பு இழுத்து, கடைசியில் சுத்தமான வெள்ளை அட்டை ஒன்றை நடுவில் வைத்து உருவுங்கள். அட்டையில் கறை வராத வரை உருவ வேண்டும்.

இடைவெளியும் டைமிங்கும் எவ்வளவு?

பாயின்ட் அதிகபட்சம் திறந்திருக்கும் நிலையில் இடைவெளி 0.3 முதல் 0.4 மி.மீ. முதலில் இதைச் சரிசெய்துவிட்டுத்தான் டைமிங்குக்குப் போக வேண்டும். இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும்.

டைமிங், பிஸ்டன் மேல்முனையை எட்டுவதற்கு 2.0 மி.மீ. முன்னால். பிளக் துளையில் டயல் கேஜ் வைத்து, பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு எஞ்சினைப் பின்னோக்கி 2 மி.மீ.-க்கு மேல் சுற்றிவிட்டு, முன்னோக்கி மெல்லக் கொண்டுவந்து சரியாக 2.0-ல் நிறுத்துங்கள். அந்த இடத்தில்தான் பல்பு எரிய ஆரம்பிக்க வேண்டும். இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். ஒரு பாயின்ட் பெரிய தட்டில் உட்கார்ந்திருக்கும், மற்றது அதன் மேல் தனியாக நகரும் சின்னத் தட்டில். பெரிய தட்டை நகர்த்தினால் இரண்டு டைமிங்கும் மாறும் என்பதால் அதை முதலில் முடித்துவிட்டு, சின்னத் தட்டுக்கு வாருங்கள்.

காதால் கேட்டு, "பிக்கப் நல்லா இருக்கு" என்று டைமிங் வைப்பதை ஏற்க முடியாது. முன்னால் போன டைமிங்கில் வண்டி கொஞ்ச தூரம் அருமையாகப் பறக்கும். அப்புறம் நெடுஞ்சாலையில், முழு ஆக்ஸிலேட்டரில், பிஸ்டன் உருகும்.

இடைவெளி வைத்து நாலு நாளில் மறுபடி மாறிவிடுகிறது. ஏன்?

பாயின்ட்டின் ஃபைபர் குதிகால் தேய்கிறதா பாருங்கள். கேமைத் தொடும் எண்ணெய்ப் பட்டை உலர்ந்திருந்தால் வேகமாகத் தேயும். கொஞ்சமே கொஞ்சம் கிரீஸ் போதும், அதிகம் வைத்தால் சிதறிப் பாயின்ட் முகத்தில் படும்.

அது சரியாக இருந்தும் இடைவெளி ஒவ்வொரு முறை அளக்கும்போதும் வேறு வேறாக வந்தால், கிராங்கின் இடது முனையில் சுற்றும் ரோட்டரைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் கிராங்கின் இடது பேரிங் போயிருக்கிறது. கேம் கிராங்கின் முனையிலேயே இருப்பதால் பேரிங் ஆடினால் பாயின்ட்டும் ஆடும். இதற்கு இக்னிஷனில் மருந்து கிடையாது. எஞ்சினைப் பிரிக்க வேண்டியதுதான்.

குளிரில் நன்றாக ஓடுகிறது, சூடானதும் ஒரு பக்கம் நிற்கிறது. ஆறினால் சரியாகிவிடுகிறது.

காயில் அல்லது கண்டென்சர். சூட்டில் இன்சுலேஷன் விட்டுக்கொடுக்கிறது. ஆறிய பிறகு வீட்டில் வைத்துச் சோதித்தால் எல்லாம் நல்லதாகவே காட்டும், அதனால்தான் பலர் இதில் மாதக்கணக்கில் அலைகிறார்கள். காயில்களை மேலே சொன்ன மாதிரி குறுக்கே மாற்றிவிட்டு, கோளாறு வழக்கமாக வரும் தூரம் வரை ஓட்டிப் பாருங்கள். எந்தப் பக்கம் நிற்கிறது என்பதே பதில்.

மழையில் மட்டும்?

பிளக் கேப், பிளக் வயர், காயிலிலிருந்து வயர் வெளியே வரும் இடம். இரவில் தண்ணீரை லேசாகத் தெளித்து எஞ்சினை ஓட விட்டால் எங்கே கசிகிறது என்று நீலக் கோடாகத் தெரியும்.

பேட்டரி இறங்கினால் இரண்டு பக்கமும்தானே நிற்க வேண்டும்?

முதலில் பலவீனமான பக்கம்தான் விழும். காயில் கொஞ்சம் தளர்ந்ததாக, பிளக் கொஞ்சம் அழுக்காக இருக்கும் பக்கம் 12 வோல்ட்டில் தாக்குப்பிடிக்கும், 11-ல் பிடிக்காது. ஐடிலிங்கில் சார்ஜிங் போதாது என்பதால், லைட் போட்டுக்கொண்டு சிக்னலில் நிற்கும்போது ஒரு பக்கம் விட்டுப்போனால் பேட்டரியையும் ரெகுலேட்டரையும் ஒருமுறை பாருங்கள். நன்றாகச் சார்ஜ் ஏறிய பேட்டரியைப் போட்டதும் சரியானால் விஷயம் அங்கேதான்.

எல்லாம் செய்துவிட்டேன், இரண்டு பக்கமும் அருமையான ஸ்பார்க். ஆனாலும் ஒரு பக்கம் ஓடவில்லை.

அப்படியென்றால் இக்னிஷனை மறந்துவிடுங்கள். இந்த வண்டியில் கார்புரேட்டரும் இரண்டு, ரீட் வால்வும் (கலவையை உள்ளே மட்டும் விடும் இதழ் வால்வு) இரண்டு, ஆயில் லைனும் இரண்டு.

ஐடிலிங்கில் மட்டும் செத்து, வேகத்தில் ஓடினால் அந்தப் பக்கப் பைலட் ஜெட் (ஐடிலிங்குக்குப் பெட்ரோல் தரும் சின்னத் துளை) அடைத்திருக்கும். பல மாதம் நிறுத்தி வைத்த வண்டியில் இதுதான் முதல் சந்தேகம். இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரையும் ஊற வைக்கும் என்பதால் கார்புரேட்டரில் பெட்ரோலை விட்டுவைக்காமல் இறக்கிவிடுவது நல்லது. ஆக்ஸிலேட்டர் கேபிள் இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒரு பக்கம் தளர்ந்திருந்தால், அந்த சிலிண்டர் சோம்பேறியாக இருக்கும். கார்புரேட்டர் வாய் வழியாகப் பெட்ரோல் பின்னால் துப்பினால் ரீட் இதழ் உடைந்திருக்கலாம். கடைசியில் கம்ப்ரஷன்: இரண்டுக்கும் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ரிங், போர் பக்கம் போக வேண்டும்.

வலது பக்கப் பிளக் மட்டும் வாரம் ஒருமுறை ஆயிலில் மூழ்குகிறது.

கியர் ஆயில் அளவைப் பாருங்கள். கிளட்சும் அதன் ஆயிலும் இந்த எஞ்சினில் வலது பக்கம். வலது கிராங்க் சீல் போனால் கியர் ஆயில் கிராங்க்கேஸுக்குள் இழுக்கப்பட்டு எரியும். வலது சைலன்சரில் மட்டும் புகை மண்டும், கியர் ஆயில் குறைந்துகொண்டே போகும். இதற்குப் பிளக் மாற்றி மாற்றிப் போட்டுப் பயனில்லை.

இடது சீல் போனால் ஆயிலுக்குப் பதில் காற்று நுழையும். ஆர்.பி.எம். தானாக ஏறும், பிளக் வெளுக்கும், பிஸ்டன் பிடிக்கும். இரண்டில் இதுதான் ஆபத்தானது.

ஊருக்குள் மெதுவாக மட்டும் ஓட்டுவதால் பிளக் கரி பிடிக்கிறது என்றால் ஒரு படி சூடான பி7ஹெச்எஸ் போடலாம். நெடுந்தூரம் போகும் முன் மறக்காமல் எட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.

ஒரே சிலிண்டரில் வீடு வரை ஓட்டிவிடலாமா?

ஒன்றிரண்டு கிலோமீட்டர், மெதுவாக, ஓரமாகப் போகலாம். அதற்கு மேல் வேண்டாம். ஓடுகிற சிலிண்டர் இரட்டிப்பு வேலை செய்து சூடேறும். ஓடாத பக்கத்து சைலன்சரில் எரியாத பெட்ரோலும் ஆயிலும் சேர்ந்துகொண்டே இருக்கும். எனக்கு அதைவிடக் கவலை, செத்த சிலிண்டர் நடுவழியில் திடீரென்று உயிர் பெறுவதுதான். ஆக்ஸிலேட்டரை முழுக்க முறுக்கிப் பிடித்திருப்பீர்கள். முன்னால் பஸ் இருக்கும். ஆர்.டி.யின் முழு இழுவையும் ஒரே நொடியில் வந்தால் என்ன ஆகும் என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும். பிரேக்கோ வெறும் டிரம்.

பேசாமல் சி.டி.ஐ. போட்டுவிடலாமா?

போடலாம். இடைவெளி மாறாது, பராமரிப்பு குறையும். ஆனால் ஒரு சிலிண்டர் செத்திருக்கும் வண்டியில், காரணம் தெரியாமல் போடாதீர்கள். கோளாறு கேப்பிலோ, பேரிங்கிலோ, ஜெட்டிலோ இருந்தால் பணமும் போய், கோளாறும் அப்படியே இருக்கும்.

ஏற்கெனவே போட்டிருப்பவர்கள் பிளக், கேப் வரை மாற்றிப் பார்ப்பதை அப்படியே செய்யலாம். தனித்தனிக் காயில் இருந்தால் அதையும் மாற்றிப் பார்க்கலாம். ஒரே காயிலிலிருந்து இரண்டு பிளக் வயர் வரும் அமைப்பு என்றால், ஒரு வயரில் தடை ஏற்பட்டாலும் மற்ற பக்கமும் சேர்ந்து பலவீனமாகும். அதனால் இரண்டு பிளக்கையும் ஒன்றாக எர்த் செய்துதான் சோதிக்க வேண்டும். எந்த சி.டி.ஐ.யாக இருந்தாலும் பிளக்கை எர்த் செய்யாமல் கிக்கரை மிதித்தால் யூனிட்டே போகலாம். பல்பு சோதனை இதற்குப் பொருந்தாது.

தூரப் பயணத்தில் என்னென்ன எடுத்துப்போவது?

இடைவெளி வைத்துத் தயாராக இரண்டு பிளக், ஒரு கேப், ஒரு பாயின்ட் செட் அதன் ஃபைபர் வாஷரோடு, ஒரு கண்டென்சர், ஃபியூஸ், ஃபீலர் கேஜ், பிளக் ஸ்பேனர், வயர் பற்றவைத்த பல்பு, ஒரு வெள்ளை அட்டை. காயில் ஒன்று கூடுதலாகக் கிடைத்தால் சீட்டுக்கு அடியில் போட்டுவையுங்கள். சென்னைக்காரர்கள் புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் கேட்டுப் பார்க்கலாம். பழைய காயில் வாங்கும்போது உடம்பில் கீறல் இருக்கிறதா, பிளக் வயர் அடியில் விரிசல் விட்டிருக்கிறதா என்று வளைத்துப் பாருங்கள். முடிந்தால் வண்டியைக் கூடவே கொண்டுபோய், கடை வாசலிலேயே ஓடாத பக்கத்தில் மாட்டி, ஸ்பார்க்கைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.